குறைந்த பணம்! கூடுதல் வேகம்! சொந்த விமானம் வாங்கப் போகிறவர் படும் பாடு

சொந்தமாக ஓர் ஆகாய விமானம்!

இதைக் கேட்டதும் என்ன தோன்றும்? "அது கோடீஸ்வரர்கள் சமாச்சாரம்" என்றுதான் தோன்றும்.

அமெரிக்காவில் அப்படி அல்ல. அங்கே பள்ளிக்கூட ஆசிரியர் விமானம் வைத்திருக்கிறார். பல் டாக்டர் வைத்திருக்கிறார். மின்சார வேலை பார்க்கிறவரும் வைத்திருக்கிறார். பொதுமக்கள் வந்து இறங்கக்கூடிய விமானத் தளங்கள் மட்டும் அந்த நாட்டில் 5 ஆயிரம் இருக்கின்றன. பல தளங்களில் ஓர் ஓடுபாதை, வரிசையாகத் தகரக் கொட்டகைகள், ஒரு பெட்ரோல் பம்பு. அவ்வளவுதான்!

இவர்களில் பலர் பறக்கப் பழகுவதும், முதலில் வாங்குவதும் "செஸ்னா 172" என்ற விமானம். 4 பேர் உட்காரலாம். 1956-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. இதுவரை 44 ஆயிரத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். உலகத்திலேயே அதிகமாகச் செய்யப்பட்ட விமானம் இதுதான்.

இது ஒரு சாதுவான விமானம். விமானி சின்னத் தவறு செய்தால் பொறுத்துக்கொள்ளும். ஆனால் வேகம் மட்டும் குறைவு. மணிக்கு 120 மைல்தான். (ஒரு மைல் என்பது 1.6 கிலோமீட்டர்.)

இரண்டு வருடம், மூன்று வருடம் அதில் பறப்பார். பிறகு ஒரு நாள் மனதில் ஓர் ஆசை முளைக்கும்.

"இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனால் என்ன?"

தொல்லை அங்கேதான் தொடங்குகிறது!

பாட்டி வீடு 360 மைல்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். பாட்டி வீடு 360 மைல் தூரத்தில் இருக்கிறது.

செஸ்னாவில் போனால் 3 மணி நேரம். மணிக்கு 180 மைல் பறக்கும் விமானம் இருந்தால் 2 மணி நேரம். மிச்சம் ஒரு மணி நேரம்.

"ஒரு மணி நேரத்துக்காகவா இவ்வளவு பணம்?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான்.

ஆனால் ஆகாயத்தில் காற்று என்று ஒன்று இருக்கிறதே! மணிக்கு 40 மைல் வேகத்தில் எதிர்க்காற்று வீசுவதாக வைத்துக்கொள்வோம். இது அபூர்வமான காற்று அல்ல. குளிர்காலத்தில் மேற்கு நோக்கிப் பறக்கிறவர்கள் சாதாரணமாகச் சந்திக்கும் காற்று.

இப்போது செஸ்னாவின் வேகம் தரைக்கணக்கில் 80 மைல் ஆகிவிடும். பாட்டி வீட்டுக்கு 4½ மணி நேரம்! பெட்ரோல் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். நடுவழியில் இறங்கி நிரப்பிக்கொண்டுதான் போக வேண்டும். பின்சீட்டுக் குழந்தைகள் அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

வேக விமானத்துக்கும் அதே காற்றுதான். அதன் வேகம் 140 மைலாகக் குறையும். ஆனாலும் 2 மணி 34 நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடும். மிச்சம் ஒரு மணி அல்ல, ஏறக்குறைய இரண்டு மணி!

இன்னொரு வேடிக்கை. வேகமாகப் போனால் பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்றுதானே நினைப்போம்? செஸ்னா மணிக்கு 8 காலன் குடிக்கும். 3 மணி நேரத்துக்கு 24 காலன். சரியாகத் தேர்ந்தெடுத்த வேக விமானம் மணிக்கு 10 காலன் குடிக்கும். 2 மணி நேரத்துக்கு 20 காலன்தான். ஒரு காலன் என்பது ஏறக்குறைய 4 லிட்டர். விமானப் பெட்ரோல் அங்கே ஒரு காலன் 6 டாலர் அளவில் விற்கிறது. ஆகவே வேகமாகப் போனவருக்கு 24 டாலர் லாபம்!

அப்பா இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதி அம்மாவிடம் காட்டுவார். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் காகிதத்தில் எழுதாமல் விட்ட கணக்குகள் நிறைய உண்டு.

எட்டு மடங்கு பலம்

வேகம் எப்படி வருகிறது?

பெரிய என்ஜின் வைத்தால் வேகம் வரும். ஆனால் காற்று ஒரு பொல்லாத எதிரி. வேகம் இரண்டு மடங்கு வேண்டுமானால் என்ஜின் பலம் இரண்டு மடங்கு போதாது. எட்டு மடங்கு வேண்டும்! பணம் குறைவாக உள்ளவருக்கு அந்த வழி சரிப்படாது.

மற்றொரு வழி, காற்றில் வழுக்கிக்கொண்டு போகும்படி விமானத்தைச் செய்வது. செஸ்னாவில் சக்கரங்கள் எப்போதும் கீழே தொங்கிக்கொண்டே இருக்கும். காற்று அவற்றில் மோதி இழுக்கும். சக்கரங்களை வயிற்றுக்குள் மடக்கிவிட்டால் இழுப்பு குறையும். உடலை ஒல்லியாகச் செய்தால் இன்னும் குறையும்.

இந்த வழியில் போனவர் ஆல் மூனி என்ற அமெரிக்கர். 1950-களில் அவர் உருவாக்கிய விமானத்துக்கு அவர் பெயரே வந்தது. மூனி விமானத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். மற்ற விமானங்களின் வால் பின்பக்கம் சாய்ந்திருக்கும். மூனியின் வால் முன்பக்கம் நேராக நிற்கும். திருப்பி மாட்டிவிட்டார்களோ என்று தோன்றும்!

1970-களில் ராய் லோபிரெஸ்டி என்ற என்ஜினீயர் அந்த மூனியை எடுத்து இழைத்தார். என்ஜினை மாற்றவில்லை. அதே 200 குதிரைச் சக்திதான். முன் கண்ணாடியைச் சாய்த்தார். என்ஜின் மூடியைத் திருத்தினார். இடுக்குகளை அடைத்தார். அவ்வளவுதான், உச்ச வேகம் 20 மைல் போலக் கூடிவிட்டது! 200 குதிரைச் சக்தியில் மணிக்கு 201 மைல். அதனால் அந்த விமானத்துக்கு "மூனி 201" என்றே பெயர் வைத்தார்கள். 1977-ம் ஆண்டு மாடலாக அது வெளிவந்தது.

பணம் குறைவு, வேகம் வேண்டும் என்பவர்களின் முதல் காதல் இன்றைக்கும் மூனிதான். உள்ளே இடம் கொஞ்சம் நெருக்கம். காலை நீட்டித்தான் உட்கார வேண்டும். மாமியார் குறை சொல்வார்!

புதியது வாங்க முடியாதா?

"1977-ம் ஆண்டு விமானமா? புதியதாக வாங்கக்கூடாதா?" என்று கேட்கலாம்.

இன்று ஒரு புதிய செஸ்னா 172 விலை 4 லட்சம் டாலருக்கு மேல். அதுவே மெதுவான விமானம்! வேகமான புதிய விமானத்துக்கு அதற்கும் மேல் எவ்வளவோ கொடுக்க வேண்டும்.

ஏன் இந்த விலை? 1978-ம் ஆண்டு அமெரிக்கக் கம்பெனிகள் சிறிய விமானங்களை 17 ஆயிரத்துக்கு மேல் விற்றன. 1994-ம் ஆண்டு விற்றது ஆயிரம்கூட இல்லை! பெட்ரோல் விலை ஏறியது. வட்டி ஏறியது. விபத்து நடந்தால் கம்பெனி மீது வழக்கு, நஷ்டஈடு லட்சக்கணக்கில். 30 வருடத்துக்கு முன்பு செய்த விமானம் விழுந்தாலும் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலை இருந்தது. 1986-ம் ஆண்டு செஸ்னா கம்பெனி சிறிய விமானம் செய்வதையே நிறுத்திவிட்டது. விமானம் செய்து 18 வருடம் ஆகிவிட்டால் கம்பெனியைப் பிடிக்க முடியாது என்று 1994-ம் ஆண்டு சட்டம் வந்தது. அதன் பிறகே தொழிற்சாலை மறுபடி திறந்தது. ஆனால் பழைய விலை திரும்பவில்லை.

ஆகவே, அளவான பணம் உள்ளவர் 50 வயது, 60 வயது விமானங்களைத்தான் தேட வேண்டும். ஒரு பழைய மூனி 60 ஆயிரம் டாலர் அளவில் கிடைக்கும். நம் பணத்தில் அரைக் கோடி ரூபாய்க்கு மேல். அங்கே அது இரண்டு நல்ல கார்களின் விலை.

பாடகர்களைப் பறிகொடுத்த விமானங்கள்

மூனிக்குப் போட்டியாக இன்னும் இரண்டு பழைய விமானங்கள் உண்டு.

ஒன்று "பொனான்சா". 1947-ம் ஆண்டு முதல் விற்பனை. அழகுக்கு அழகு, வேகத்துக்கு வேகம். வால் ஆங்கில "வி" எழுத்துப் போல விரிந்திருக்கும். அந்த வால் வைத்தவை மட்டும் 10 ஆயிரத்துக்கு மேல்.

இந்த விமானத்துக்கு ஒரு பொல்லாத பட்டப்பெயர் உண்டு. "டாக்டர்களைக் கொல்லும் விமானம்" என்பார்கள். காரணம், டாக்டர்களிடம் பணம் இருந்தது, வாங்கினார்கள். ஆனால் பறந்து பழக நேரம் இல்லை. மேகத்துக்குள் புகுந்து திசை தெரியாமல் தடுமாறுவார்கள். வழுக்கும் உடல் அல்லவா? மூக்கு கொஞ்சம் கீழே சாய்ந்தால் போதும், வேகம் மளமளவென்று ஏறிவிடும். பயந்துபோய்ச் சட்டென்று மேலே இழுப்பார்கள். அந்த அதிர்ச்சியில் விமானம் ஆகாயத்திலேயே முறிந்துவிடும். 1980-களில் அரசாங்கம் அந்த வாலை வலுப்படுத்தும்படி உத்தரவு போட்டது.

1959-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி ஐயோவா மாநிலத்தில், பனி கொட்டும் இரவில் ஒரு பொனான்சா கிளம்பியது. அதில் இருந்தவர் புகழ்பெற்ற பாடகர் படி ஹாலி. கூட இன்னும் இரண்டு பாடகர்கள். விமானிக்கு வயது 21. கருவிகளை மட்டும் பார்த்து இருட்டில் பறக்க அவர் தகுதி பெற்றிருக்கவில்லை. சில நிமிடங்களில் வயல்வெளியில் விழுந்தது. 4 பேரும் மாண்டார்கள்.

மற்றொரு விமானம் "கமாஞ்சி". உறுதியானது, வேகமானது. 1972-ம் ஆண்டு வந்த பெருவெள்ளம் அதைச் செய்த தொழிற்சாலையை மூழ்கடித்தது. அதோடு கமாஞ்சி பிறப்பதும் நின்றது. இதற்கும் ஒரு பாடகி கதை உண்டு. பாட்சி கிளைன் என்ற அம்மையார் 1963-ம் ஆண்டு மார்ச் 5-ந் தேதி கமாஞ்சியில் பறந்தபோது மோசமான வானிலையில் சிக்கி உயிரிழந்தார். ஓட்டியவர் அவருடைய மானேஜர். அவருக்கும் கருவிப் பயிற்சித் தகுதி இல்லை.

விமானத்தைக் குறை சொல்லிப் பயன் இல்லை. மெதுவான விமானம் யோசிக்க நேரம் கொடுக்கும். வேகமான விமானம் கொடுக்காது. வித்தியாசம் அவ்வளவுதான்.

வீட்டிலேயே செய்த விமானம்

இன்னும் மலிவாக வேகம் வேண்டுமா? அதற்கும் வழி உண்டு. வீட்டுக் கொட்டகையில் தானே செய்துகொள்வது!

அமெரிக்காவில் இதற்குச் சட்டம் அனுமதி கொடுக்கிறது. பாதி வேலைக்கு மேல் சொந்தக்காரர் தன் கையால் செய்திருக்க வேண்டும். பாகங்களைப் பெட்டியில் வைத்து விற்கும் கம்பெனிகள் உண்டு. ஆணி அடித்து, தகடு வளைத்து முடிக்கப் பல வருடம் ஆகும். முடித்துவிட்டால் 180 குதிரைச் சக்தியில் மணிக்கு 200 மைல்! அதனால் மற்றவர் செய்து முடித்ததை விலைக்கு வாங்கக் கூட்டம் அலைமோதுகிறது.

அங்கேதான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. தொழிற்சாலை விமானம் ஒரே அச்சு. வீட்டு விமானம் ஒவ்வொன்றும் ஒரு தினுசு.

ஜான் டென்வர் என்ற உலகப் புகழ் பாடகர் 1997-ம் ஆண்டு "லாங் ஈசி" என்ற விமானத்தை இரண்டாம் கையாக வாங்கினார். பர்ட் ரூட்டன் என்ற மேதை வரைந்த விமானம். சின்ன என்ஜின், பெரிய வேகம். டென்வர் புதியவர் அல்ல. 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்.

லாங் ஈசியில் பெட்ரோல் தொட்டிகள் இரண்டு. ஒன்று தீர்ந்தால் ஒரு கைப்பிடியைத் திருப்பி மற்றதற்கு மாற்ற வேண்டும். ரூட்டனின் வரைபடத்தில் அந்தக் கைப்பிடி விமானியின் கால்களுக்கு நடுவே இருந்தது. ஆனால் இந்த விமானத்தைச் செய்தவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார்! எட்டிப் பிடிக்க வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும்.

வாங்கிய விமானத்தில் டென்வர் பெற்ற பயிற்சி அரை மணி நேரம்தான். மறுநாள், அக்டோபர் 12-ந் தேதி மாலை, கலிபோர்னியாவில் மான்டெரி என்ற ஊரிலிருந்து தனியாகக் கிளம்பினார். பெட்ரோல் போடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார். பின்னால் இருக்கும் பெட்ரோல் அளவைப் பார்க்க அவரிடம் ஒரு சிறு கண்ணாடி கொடுத்தார்கள்.

மூன்று முறை இறங்கி ஏறிப் பழகினார். பிறகு கடலோரமாகப் பறந்தார். தாழ்வாகப் பறந்துகொண்டிருந்தபோது என்ஜின் சத்தம் குறைந்ததைக் கரையில் நின்றவர்கள் கேட்டார்கள். அடுத்த நொடி விமானம் தலைகுப்புறக் கடலில் விழுந்தது.

அவருக்கு வயது 53.

விசாரணை நடத்திய அரசாங்கக் குழு, கைப்பிடியை எட்டத் திரும்பியபோது அவர் கால் தன்னை அறியாமல் வலது பக்க மிதியை அழுத்தியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தது. பெட்ரோலைச் சரிபார்க்காதது, கைப்பிடியை இடம் மாற்றியது, போதுமான பயிற்சி இல்லாதது ஆகியவற்றையும் காரணமாகச் சொன்னது.

பணம் குறைவானவர் அல்ல டென்வர். குறைவாக இருந்தது அந்த அரை மணி நேரம்!

ஓடாத வண்டி நல்ல வண்டியா?

நம் ஊரில் பழைய கார் விற்பவர் என்ன சொல்வார்? "டாக்டர் வைத்திருந்த வண்டி சார், அதிகம் ஓடவே இல்லை" என்பார். கேட்பவர் மகிழ்ந்துபோவார்.

விமானத்தில் இந்தப் பேச்சைக் கேட்டால் ஓட வேண்டும்!

பறக்காமல் கிடக்கும் என்ஜினில் எண்ணெய் கீழே வடிந்துவிடும். மேலே இருக்கும் பாகங்கள் உலர்ந்து துருப்பிடிக்கும். மூனியிலும் செஸ்னாவிலும் இருக்கும் லைக்கமிங் என்ஜின்களில் "கேம் தண்டு" என்ற முக்கியமான பாகம் உச்சியில் இருக்கிறது. முதலில் துரு தொடுவது அதைத்தான். வாரம் ஒருமுறை பறந்த விமானத்தில் என்ஜின் அதிக நேரம் ஓடியிருந்தாலும் பரவாயில்லை. பத்து வருடம் கொட்டகையில் தூங்கிய விமானம் எவ்வளவு பளபளத்தாலும் சந்தேகத்துக்குரியது.

அந்த என்ஜின்களைப் பெரும்பாலும் 2 ஆயிரம் மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். அதற்கு 30 ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. அதாவது, பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் 15 டாலர் உண்டியலில் போட்டு வர வேண்டும்!

மூனியில் இன்னொரு வில்லங்கம். அதில் தனியாகப் பெட்ரோல் தொட்டி கிடையாது. இறக்கையின் உட்புறத்தையே பசை பூசி அடைத்துத் தொட்டியாக்கியிருக்கிறார்கள். பசை கிழடானால் ஒழுகும். சுரண்டி எடுத்து மறுபடி பூச ஆயிரக்கணக்கில் செலவாகும். 1960-ம் ஆண்டு வரை வந்த மூனிகளுக்கு மர இறக்கை. மரம் உளுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இதையெல்லாம் கண்டுபிடிக்க விற்பவருக்கு வேண்டாத ஒரு மெக்கானிக் வேண்டும். அவர் மூடிகளைக் கழற்றி, கண்ணாடி விட்டுப் பார்த்து, பழைய பதிவுப் புத்தகங்களைப் புரட்டி ஒரு முழு நாள் வேலை செய்வார். ஆயிரம், இரண்டாயிரம் டாலர் கேட்பார். விமானம் உருப்படியில்லை என்று அவர் சொல்லிவிட்டால் அந்தப் பணம் போச்சு. "போகட்டும்" என்று நினைக்கத் தெரிந்தவரே பிழைத்தார்.

பிறகு வருடா வருடம் கட்டாயச் சோதனை, கொட்டகை வாடகை, இன்சூரன்ஸ். யானையை வாங்கிவிடலாம், கட்டித் தீனி போடுவதுதான் பெரும்பாடு! கையில் 70 ஆயிரம் டாலர் உள்ளவர் 70 ஆயிரத்துக்கு விமானம் வாங்கினால் முதல் வருடமே திண்டாடுவார். 55 ஆயிரத்துக்கு வாங்கி மிச்சத்தை பாங்கியில் வைத்திருப்பவரே ஒழுங்காகத் தூங்குவார். இரண்டு மூன்று பேர் கூட்டாக வாங்குவதும் உண்டு. கூட்டாளிகள் சண்டை போடாமல் இருந்தால் அது நல்ல வழி.

ஐந்தெழுத்து மந்திரம்

சரி, பார்த்துப் பார்த்து அப்பா ஒரு பழைய மூனியை வாங்கிவிட்டார். உடனே பாட்டி வீட்டுக்குப் பறக்கலாமா?

முடியாது!

சக்கரம் மடக்கும் விமானத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும். பயிற்சியாளர் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இது சட்டம். இன்சூரன்ஸ் கம்பெனி அதற்கு மேலும் கேட்கும். "இந்த விமானத்தில் எத்தனை மணி பறந்திருக்கிறீர்கள்?" என்பதுதான் அதன் முதல் கேள்வி. ஒன்றும் இல்லை என்றால், பயிற்சியாளரோடு 10 மணி நேரமாவது பறந்துவிட்டு வரச் சொல்லும்.

மடக்கிய சக்கரத்தை இறக்க மறந்து வயிற்றாலே தரையில் உரசியவர்கள் ஏராளம். உயிர் பெரும்பாலும் தப்பிவிடும். விசிறி வளைந்துவிடும், என்ஜினைப் பிரித்தாக வேண்டும். விமானிகளில் இரண்டே வகை, சக்கரத்தை மறந்தவர்கள், இனிமேல் மறக்கப் போகிறவர்கள் என்று அவர்களுக்குள் கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அதனால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஐந்து எழுத்து மந்திரம் ஒன்றை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். "கம்ப்ஸ்" என்பது அந்த மந்திரம். பெட்ரோல், சக்கரம், எரிபொருள் கலவை, விசிறி, சுவிட்சுகள் ஆகிய ஐந்தின் ஆங்கில முதல் எழுத்துகள்.

1960-களில் வந்த பல மூனிகளில் சக்கரத்தை மடக்க மோட்டார் கிடையாது. இரண்டு சீட்டுக்கும் நடுவே ஓர் இரும்புத் தண்டு. கையால் இழுத்துத் தரையோடு படுக்க வைத்தால் சக்கரம் உள்ளே போகும். நிமிர்த்திப் பூட்டினால் வெளியே வரும். மேலே கிளம்பியதும் உடனே இழுத்துவிட வேண்டும்; வேகம் கூடிவிட்டால் காற்று எதிர்த்து நிற்கும். முதல் நாள் அப்பாவின் முழங்கை எங்கெங்கோ இடிபடும்.

இறங்குவதிலும் வம்புதான். செஸ்னாவைப் போலக் கொஞ்சம் வேகமாக வந்தால் மூனி தரையைத் தொடாது. ஓடுபாதைமேல் மிதந்துகொண்டே போகும். அழுத்தி உட்கார வைத்தால் பந்து போலத் துள்ளும். மூன்றாவது துள்ளலில் விசிறி தரையில் இடித்துவிடும். இதற்கு ஒரே மருந்து, சரியான வேகத்தில் வருவது. தவறினால் பிடிவாதம் பிடிக்காமல் மறுபடி ஏறிவிடுவது.

அப்பாவும் ஏறுகிறார், இறங்குகிறார். பக்கத்தில் பயிற்சியாளர். வேலி ஓரத்தில் அம்மாவும் குழந்தைகளும் நிற்கிறார்கள். ஒவ்வொரு முறை மூனி இறங்கி வரும்போதும் சக்கரம் மூன்றும் வெளியே வந்துவிட்டனவா என்று சின்னவள் விரல் விட்டு எண்ணுகிறாள்.

ஆறு மணி நேரம் முடிந்திருக்கிறது. இன்னும் நாலு மணி நேரம் பாக்கி. அதுவரை பாட்டி வீட்டுக்குக் கார்தான்!